வெற்றிலைப் பைக்குள் காமன்

மாஸ்டர் கடைக்குள் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பையை என் மேசை மேல் கவிழ்த்தார். பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, ஒரு புகையிலைத் துண்டு, நான்காக மடித்த கிளினிக் துண்டு, காய்ந்த வெற்றிலை இரண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஓரமெல்லாம் வெள்ளை பூத்த ஒரு பென் டிரைவ் விழுந்தது.

"காமன் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி. கொஞ்சம் வெளிய எடுத்துக் குடுங்க" என்றார்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலை மெயின் ரோட்டோரம் நான் நடத்துவது ஒரு சின்னக் கொமியூனிகேஷன். ஃபோட்டோகொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், ரீலோட், பரீட்சை விண்ணப்பம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பென்னாவது கையில் பட்டுத்தான் போகும். அதில் பாதிக்கு ஒரே வருத்தம். ஃபோல்டரெல்லாம் காணாமல் போய், அதே பெயரில் ஷோர்ட்கட் மட்டும் நிற்கும். வைரஸ் பார்க்கிற வேலை அது. ஃபைலை அழிக்காது, ஒளித்து வைக்கும். அட்ரிப் என்ற கட்டளையை அடித்து அந்த மறைப்பை எடுத்துவிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். சாயத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற காரியம், காசுகூட வாங்குவதில்லை. மாஸ்டரின் பென்னையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துச் சொருகினேன்.

லைட் எரியவில்லை. கம்பியூட்டர் 'டிங்' என்றுகூடச் சொல்லவில்லை.

மாஸ்டர் என்று நான் சொல்வது பள்ளிக்கூட மாஸ்டரை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்துப் பழக்கியவர். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் கோயில் பக்கத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் மன்மதன் எரிகிற வரைக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் சரியாகத் தூங்கமாட்டார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் நெற்றிக் கண்ணில் எரிந்துபோனவன் மன்மதன். ரதி அழுது பாடுவாள். எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சி பிரிந்து லாவணி பாடும். தப்பு மேளச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது மாசிப் பனி உறைக்காது.

அந்தத் தோட்டத்தில் கொஞ்ச வருஷமாகக் காமன் ஊன்றவில்லை. பொடியன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த முறை அதே பொடியன்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டு, மறுபடி ஊன்றுவோம் என்று கிளம்பியிருக்கிறார்கள். ரதிக்கும் எமனுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. பாட்டுத்தான் இல்லை.

பாட்டு முதலில் ஒரு நோட்டில் இருந்தது. 2011இல் மாஸ்டர் அதைக் கொண்டுவந்து என் அண்ணனிடம் கொடுத்தார். அப்போது கடை அண்ணனுடையது. ஆள் வராத நேரமாகப் பார்த்து, மூன்று மாதம் உட்கார்ந்து அடித்தான். நோட்டில் இல்லாததை மாஸ்டர் ஸ்டூலில் இருந்து பாடிக் காட்டுவார், அவன் அடிப்பான். நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், போட்டோகொப்பி மெஷினுக்குப் பேப்பர் வைப்பது என் வேலை. பிறகு தகரம் ஒழுகி நோட்டு நனைந்து போனது. கடை மெஷினில் இருந்த கொப்பி, 2016இல் அதன் ஹார்ட் டிஸ்க் செத்தபோது சேர்ந்து போனது. அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டான். மிச்சம் இந்த 8 ஜிபி பென்.

"எங்க மாஸ்டர் வச்சிருந்தீங்க இத?"

"அடுப்புக்கு மேல ஆணியில, பையோடதான். நம்ம ஊரு ஈரத்துக்கு வேற எங்க வைக்கிறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி, உப்பு, மிளகாய் எல்லாம் அடுப்புக்கு மேலேதான். ஆனால் பென்னுக்கு அது ஆகாது. அதற்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் நம் எழுத்தெல்லாம் மின்சாரமாக அடைந்து கிடக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் எலக்ட்ரோன்கள், அவற்றைச் சுற்றி மிக மெல்லிய ஒட்சைட் சுவர். வருஷக்கணக்கில் எதிலும் சொருகாமல் போட்டுவைத்தால் அவை மெல்ல மெல்லக் கசியும். சூடு பட்டால் இன்னும் வேகமாகக் கசியும். கசிவு ஓரளவு வரைக்கும் பென்னுக்குள் இருக்கிற கொன்ட்ரோலர் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். அதைத் தாண்டினால் கையை விரித்துவிடும். ஈரத்துக்குப் பயந்து மாஸ்டர் பாட்டையெல்லாம் புகையில் வாட்டியிருக்கிறார்.

சரி, முதலில் சுண்ணாம்பு. யூஎஸ்பி வாய்க்குள் நான்கு தகடுகள் இருக்கும். ஓரத்து இரண்டும் ஐந்து வோல்ட் கரண்டுக்கு, நடுவில் இரண்டும் தகவலுக்கு. நான்கின் மேலும் சுண்ணாம்பு இறுகிப் பொருக்குத் தட்டியிருந்தது. கரண்டே உள்ளே போகாவிட்டால் லைட் எப்படி எரியும்? பல் குத்தும் குச்சியால் பொருக்கைத் தட்டிவிட்டு, பழைய பல் தூரிகையில் ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்டுத் தேய்த்தேன். கடைசியில் பென்சில் அழிறப்பரால் நான்கு தகடும் மினுங்கும் வரைக்கும் உரசினேன். தண்ணீர் தொடவே இல்லை. அந்த உலோக வாயைப் பிடித்து லேசாக அசைத்தும் பார்த்தேன், ஆடவில்லை. ஆடியிருந்தால் உள்ளே பற்றவைத்த ஈயம் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது நான் ஒன்றும் செய்யாமல், சோல்டரிங் தெரிந்த போன் ரிப்பேர்க்காரரிடம் அனுப்பியிருப்பேன்.

இரண்டாம் தரம் கம்பியூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் சொருகினேன். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஒரு வயர் ஓடிப் போகிறது, என் மெஷினில் அது சொதப்பல். நீல லைட் எரிந்தது. மாஸ்டர் கைகூப்பினார். அதே நிமிஷம் விண்டோஸ் அந்தப் பெட்டியை நீட்டியது: டிஸ்க்கைப் பாவிக்க முதலில் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?

அந்தக் கேள்விக்கு 'ஆம்' சொல்லி எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள் தெரியுமா? பெட்டியில் பெரிதாக முன்னால் நிற்பது ஃபோர்மட் பட்டன்தான். குயிக் ஃபோர்மட் என்றால் ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை மட்டும் வெறுமையாகும், ஃபைல்கள் பெரும்பாலும் கிடந்த இடத்தில் கிடக்கும். அந்த 'குயிக்' சரியை எடுத்துவிட்டு ஃபோர்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்த எல்லா விண்டோஸும் முழுப் பென்னிலும் பூஜ்யத்தை எழுதிவிடும். அதற்குப் பிறகு என்னிடம் வந்தும் பிரயோசனம் இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. கடையை எடுத்த புதிதில் ஒரு டீச்சர், பிள்ளைகளின் ப்ரொஜெக்ட் படங்கள் இருந்த பென்னைக் கொண்டுவந்தார். பாதி ஃபோல்டர் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, விண்டோஸில் டிஸ்க்கைத் திருத்துகிற செக்டிஸ்க் கட்டளை. திருத்து என்று கட்டளை கொடுத்தேன், அது தன் அறிவுக்கு எட்டியபடி பென்னிலேயே எழுதித் திருத்தியது. முடிந்து பார்த்தால் 'ஃபவுண்ட்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'சிஎச்கே' என்று முடிகிற பெயரில் துண்டு துண்டாக ஃபைல்கள். எது யாருடைய படம் என்று தெரியாது, பாதி திறக்கவும் இல்லை. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பென்னை வாங்கிக்கொண்டு போனார். ஏசியிருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். நோயுள்ள பென்னில் எதையும் எழுதமாட்டேன். முதலில் அதன் மொத்த உடம்பையும், ஃபைல் ஃபைலாக இல்லாமல், முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரைக்கும் ஒரே இமேஜாக வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுவேன். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் அந்த நகலில்தான். பிழைத்தால் பிழைத்தது, பிசகினால் இன்னொரு நகல் எடுக்கலாம்.

மாஸ்டரை நாளைக்கு வரச் சொல்லி பஸ் ஏற்றினேன். போகும்போது திரும்பிப் பார்த்து, "அதுக்கு ஒண்ணும் ஆகிறாதே தம்பி?" என்றார், ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுப் போகிறவர் போல.

கடையின் மூலையில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு போட்ட ஒரு கிழட்டு லெப்டொப் இருக்கிறது, இந்த வேலைக்கென்றே வைத்திருக்கிறேன். அதில் சொருகியதும் 7.4 ஜிபி என்று அளவு காட்டியது. உயிர் இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். பூஜ்யம் காட்டினாலோ, டிஸ்க்கைப் போடுங்கள் என்று கேட்டாலோ கொன்ட்ரோலர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே எந்த சொஃப்ட்வெயாரும் நுழைய வழியில்லை. (8 ஜிபி வாங்கினேன், 7.4 தான் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று மாதம் ஒருவராவது சண்டைக்கு வருவார். பெட்டியில் அச்சடிக்கிறவன் 800 கோடி பைட்டை ஆயிரத்தால் வகுக்கிறான், கம்பியூட்டர் 1024ஆல் வகுக்கிறது, வேறொன்றும் இல்லை. உண்மையான ஏமாற்று வேறு: மலிவு விலைக்கு விற்கிற சில '512 ஜிபி' பென்களின் வயிற்றில் அதில் கால்வாசி சிப்கூட இருக்காது, நிரம்பியதும் பழையதன் மேல் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச சொஃப்ட்வெயார் இருக்கிறது, வாங்கிய அன்றே அதைப் போட்டுப் பாருங்கள்.)

இமேஜ் எடுக்க நான் பாவிப்பது குனூ டிடிரெஸ்க்யூ. சாதாரணக் கொப்பி கெட்ட இடம் வந்ததும் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். இது அப்படி இல்லை. வாசிக்க முடிந்ததையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விடும், பிறகு திரும்பி வந்து ஓரம் ஓரமாகச் சுரண்டும். கட்டளையில் முதலில் நோயாளி, இரண்டாவது நகல் போக வேண்டிய இடம். இந்த இரண்டும் இடம் மாறிவிடக் கூடாது. அதனால் என்டர் அடிக்கும் முன் வாய்விட்டு இரண்டு தரம் வாசிப்பேன். கடையில் யாராவது நின்றால் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

முதல் ஓட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அதற்கப்புறம்தான் வேலை. பென் சுட்டது. சூடு ஏறியதும் தானாகக் கழன்று காணாமல் போகும், ஆறவிட்டு மறுபடி சொருக வேண்டும். இரவு ஒன்பதுக்கு மழையோடு கரண்டும் போனது. லெப்டொப் பேட்டரி பத்து நிமிஷம் தாங்குகிற சாதி, அதுவும் அணைந்தது. எனக்குப் பதற்றமில்லை. எந்த இடம் வாசித்தாயிற்று, எந்த இடம் பாக்கி என்று டிடிரெஸ்க்யூ ஒரு மெப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். கரண்ட் வந்ததும் அதே கட்டளையை அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தோட்டத்தில் கங்காணி பெயர் குறிக்கிற செக்ரோல் புத்தகம் போல. விடியும்போது ஏறக்குறைய 700 கிலோபைட் மட்டும் வாசிக்க முடியாமல் நின்றது. ஏழரை ஜிபியில் 700 கிலோபைட் ஒன்றுமே இல்லைதான். ஆனால் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

விழுந்த இடங்களில் ஒன்று, எங்கே விழக்கூடாதோ அங்கே. ஃபெட்32 முறையில் பிரித்த பென்னின் பார்ட்டிஷனுக்கு முதல் செக்டரில் பூட் செக்டர் இருக்கும்: எத்தனை செக்டர் ஒரு கிளஸ்டர், அட்டவணை எங்கே தொடங்குகிறது என்ற விபரமெல்லாம் அதில். அது கெட்டால்தான் விண்டோஸுக்குக் கண் தெரியாமல், ஃபோர்மட் செய்யவா என்று கேட்கிறது. இதற்கென்றே ஆறாம் செக்டரில் ஒரு பிரதி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஹார்ட் டிஸ்க் காலத்தில். ஒரு செக்டர் 512 பைட். ஃபிளாஷ் சிப்போ பல கிலோபைட் கொண்ட பக்கம் பக்கமாக வாசிக்கிறது. ஆகவே பூஜ்யம் என்று எண்ணுகிற அந்த முதல் செக்டரும் ஆறாம் செக்டரும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே கொக்கியில் மாட்டி வைத்த கதை. டெஸ்ட்டிஸ்க்கில் இமேஜைத் திறந்து பார்த்தேன். இரண்டுமே கெட்டது என்று சொன்னது.

டெஸ்ட்டிஸ்க் என்பது கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய இலவச சொஃப்ட்வெயார். பார்க்க அழகே இருக்காது. கறுப்புத் திரை, மௌஸ் வேலை செய்யாது, அம்புக்குறி விசைதான். ஆனால் காசு கொடுத்து வாங்குகிற பலதுக்கு இல்லாத புத்தி இதற்கு உண்டு. பூட் செக்டரை மறுபடி கட்டு என்றதும், பென் முழுக்கத் தேடி, அட்டவணையின் இரண்டு பிரதியும் எங்கே இருக்கின்றன, ஃபோல்டர்கள் எங்கே என்று மோப்பம் பிடித்து, பூட் செக்டர் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. எழுது என்றேன். நகலில்தானே, பயமென்ன?

ஃபைல்களின் பட்டியல் வந்தது. 'திருவிழா 2014' என்று ஒரு ஃபோல்டர், 'மாஸ்டர் வொய்ஸ்' என்று ஒன்று, வெளியே 'காமன் கடைசி' என்று ஒரு வேர்ட் ஃபைல். அண்ணனின் பழக்கம் அது. கடைசி என்று ஒரு ஃபைல் வைப்பான், பிறகு கடைசி இரண்டு, உண்மையான கடைசி என்று போகும். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கினேன்.

படங்கள் முக்கால்வாசி முழுதாக வந்தன. சிலது பாதிக்கு மேல் படம், கீழே வெறும் சாம்பல் நிறம். ரதி வேஷம் கட்டிய ஒருவரின் முகம் இருக்கிறது, சேலை இல்லை. மன்மதன் எரிகிற வீடியோ ஒன்று அளவு சரியாகக் காட்டியது, திறக்கவில்லை. போன் வீடியோக்களில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விபரத் துண்டு பெரும்பாலும் ஃபைலின் கடைசியில்தான் எழுதப்படும். அந்தத் துண்டு ஓட்டையில் போயிருந்தது. அதே போனில் எடுத்த இன்னொரு நல்ல வீடியோ இருந்தால் அதை மாதிரியாக வைத்துச் சரிசெய்யும் சொஃப்ட்வெயார் இருக்கிறது. அந்தப் போன் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. அதோடு விட்டுவிட்டேன்.

குரல் பதிவுகள்தான் ஆச்சரியம். பழைய பட்டன் போனில் பதிந்த ஏஎம்ஆர் ஃபைல்கள். ஒரு நொடியை ஐம்பது துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுகிற முறை அது. நடுவில் ஓட்டை விழுந்தாலும் அடுத்த துண்டிலிருந்து பாடத் தொடங்கிவிடும். கீச்சுக் குரலில், நடுநடுவே கரகரப்போடு, மாஸ்டர் பாடுகிறார். பின்னால் போட்டோகொப்பி மெஷின் ஓடுகிற சத்தம். அதில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தவன் நான்.

வேர்ட் ஃபைல் திறக்கவில்லை.

பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் பிழை. பைட் பைட்டாகக் காட்டுகிற ஹெக்ஸில் பார்த்தால் காரணம் தெரிந்தது. பழைய 'டொக்' ஃபைல் எதுவானாலும் முதல் எட்டுப் பைட் ஒரு முத்திரை. முதல் நான்கு பைட்டையும் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தால் ஆங்கிலத்தில் 'டொக்ஃபைல்' என்றே இருக்கும், எழுதினவர்களின் விளையாட்டு. இந்த ஃபைலில் அந்த இடம் முழுக்கப் பூஜ்யம். தலை ஓட்டையில் போய்விட்டது. தலை இல்லாத ஃபைலை வேர்ட் தொட மாட்டாது.

டெஸ்ட்டிஸ்க்கோடு கூடப் பிறந்த ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். அது அட்டவணையைப் பார்க்காது. முத்திரையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஃபைலை வெட்டி எடுக்கும். பெயர், ஃபோல்டர் ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் எண்ணாக வரும். மூவாயிரத்துச் சொச்சம் ஃபைல்களைக் கொட்டியது. கல்யாணக் கார்ட், சங்கக் கடிதம், யாருடையதோ சாதகம். அண்ணன் கடைக்குப் பாவித்த பென்னைத்தான் மாஸ்டருக்குக் கொடுத்திருக்கிறான், படுபாவி. இதில் காமனை எங்கே தேடுவது?

கட்டாருக்குக் கோல் எடுத்தேன். அங்கே ட்யூட்டி முடிந்து சமைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, காமன எதுல அடிச்ச?"

"பாமினிலதான்டா. அப்ப யுனிகோட் எவன் பாவிச்சான்?"

"போச்சு."

"என்ன போச்சு? காமன்னு எத்தன எடத்துல அடிச்சிருப்பேன். எஃப் எச் கே டி, ஒரு செமிகோலன். அதத் தேடு."

பாமினியைப் பற்றி நான் பேசாத கெட்ட வார்த்தை இல்லை. அது தமிழ் எழுத்தே இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்ட எழுத்துரு. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே கே பி ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் குப்பையாகத் தெரியும். இலங்கையில் பாதி அலுவலகமும் அச்சகமும் இன்றும் அதைக் கட்டிக்கொண்டு அழுகின்றன. ஆனால் அண்ணன் சொன்னதும்தான் மண்டையில் ஏறியது. பழைய 'டொக்' ஃபைல் சாதாரண ஆங்கில எழுத்தை ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டாக, சுருக்காமல், வரிசையாகவே வைத்திருக்கும். பாமினியில் அடித்த தமிழ் எல்லாம் அதற்கு ஆங்கில எழுத்துத்தானே! இதையே இப்போதைய 'டொக்எக்ஸ்'ஸில் சேமித்திருந்தால் உள்ளே ஸிப் போட்டுச் சுருக்கியிருக்கும், எந்த வார்த்தையையும் தேட முடியாது. தலை போன டொக்எக்ஸ் என்றால் கைகழுவ வேண்டியதுதான்.

ஃபைலை மறந்துவிட்டு, இமேஜ் முழுவதிலும் அந்த ஐந்து குறியைத் தேடச் சொன்னேன். கருப்புத் திரையில் எண்கள் கொட்டின. நானூற்றுப் பன்னிரண்டு இடம். கூட 'ரதி'யையும் தேடினேன், யூ ஜே பி. இரண்டும் அருகருகே வருகிற இடங்களைச் சுற்றி வெட்டி எடுத்துப் பார்த்தால், ஒரு காமன் இல்லை, மூன்று காமன்.

அதற்கும் காரணம் உண்டு. வேர்ட் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய ஃபைலின் மேல் எழுதாது. புதிதாக ஒன்றை எழுதிவிட்டு, பெயரை மாற்றிப் பழையதைக் கழற்றிவிடும். கழற்றிய பழையது, வேறு எதுவும் மேலே விழாத வரைக்கும் அப்படியே கிடக்கும். பென்னில் வைத்தே ஃபைலைத் திறந்து திருத்தாதீர்கள் என்று வருகிற ஆளிடமெல்லாம் நான் ஓதுவேன். அண்ணன் மூன்று மாதமும் அதைத்தான் செய்திருக்கிறான். அவன் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரே ஒரு தலையில்லாத காமன்தான் கிடைத்திருப்பான். இதை அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் தாங்காது.

மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பொருத்தினேன். ஒன்றில் ஓட்டை விழுந்த இடம் இன்னொன்றில் இருந்தது. இணையத்தில் கிடைக்கிற மாற்றியில் போட்டு யுனிகோடாக்கினேன். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சில இடத்தில் கழன்று நின்றன, கையால் மாட்டினேன். இரண்டு இரவு போனது.

மாஸ்டர் வந்ததும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், எழுத்தைப் பெரிதாக்கி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

"தம்பி, இங்க ஒரு அடி விழுந்திருக்கு."

"இல்லையே மாஸ்டர், மூணு கொப்பியிலயும் அப்படித்தான் இருக்கு."

"அப்ப ஒங்க அண்ணன்தான் விட்டிருக்கான். அன்னைக்கே நெனச்சேன்." சிரித்துக்கொண்டே அந்த அடியைப் பாடினார். நான் ஃபைலில் சேர்த்தேன். பதினாலு வருஷம் கழித்து ஒரு புரூஃப் திருத்தம்.

லாவணியில் ஒரு இடம் மட்டும் மூன்று பிரதியிலும் இல்லை. எரியாத கட்சியின் பதில், இரண்டு பக்கம் இருக்கும். குரல் பதிவிலும் தேடினோம், கிடைக்கவில்லை. மாஸ்டருக்கும் தொடக்கம்தான் நினைவு இருக்கிறது. இன்னொரு தோட்டத்தில் தனக்குப் பாடம் சொன்னவரின் மகன் இருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன் என்றார்.

பழைய பென்னைச் சரியாக்கித் தரக் கேட்டார், காசு கொடுத்து வாங்கியதாம். ஃபோர்மட் செய்தால் ஓடும்தான். ஆனால் ஒருமுறை இப்படிக் கசியத் தொடங்கியதை நம்பி எதையும் வைக்கமாட்டேன். அதை நான் வைத்துக்கொண்டு, புதிது ஒன்றில் பாட்டு, படம், குரல் எல்லாவற்றையும் போட்டேன். ஒரு கொப்பி கடை மெஷினில், ஒன்று அண்ணனுக்கு மெயிலில், ஒன்று பொடியன்களின் வாட்ஸ்அப் குரூப்பில். வருஷத்துக்கு ஒரு தரமாவது கொண்டுவந்து சொருகிப் பார்க்க வேண்டும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. மாஸ்டர் பென்னை வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பைக்குள் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னமே பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, சாரத்து மடியில் செருகிக்கொண்டு படி இறங்கினார்.